சாப்பிட்டது உள்ளே என்ன ஆகிறது? சத்துணவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துணவு என்று பேச்செடுத்தாலே எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்ற பட்டியல்தான் முதலில் வருகிறது. வாய்க்குள் போன கவளம் அதன்பிறகு என்ன ஆகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அது தெரிந்துவிட்டால் பாதிப் பட்டியல் தேவைப்படாது, மீதிப் பாதிக்குக் காரணம் விளங்கிவிடும். உடல் எதையும் வந்தபடியே ஏற்றுக்கொள்வதில்லை. பிரிக்கிறது, அளந்து எடுக்கிறது, சேமிக்கிறது, ஏற்கெனவே பயன்படுத்தியதை மீட்டு மறுபடியும் பயன்படுத்துகிறது. கீழே உள்ள பதில்கள் பொதுவாக உடல்நலத்தோடு இருக்கும் பெரியவர்களுக்கானவை. நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் கடைசிக் கேள்வியைத் தவறாமல் படிக்க வேண்டும்.

சத்துகள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

ஆற்றல் தருபவை மூன்று: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரி தருகின்றன, கொழுப்பு 9 தருகிறது. மதுவில் உள்ள ஆல்கஹாலும் கிராமுக்கு 7 கலோரி தருகிறது, ஆனால் அதை யாரும் சத்தாகக் கணக்கிடுவதில்லை. ஆற்றல் தராமலேயே உடல் இயங்க உதவுபவை 13 வைட்டமின்களும், இரும்பு, கால்சியம், அயோடின், துத்தநாகம் போன்ற தாதுக்களும். இவற்றோடு தண்ணீரும் நார்ச்சத்தும் சேரும்.

செரிமானம் இரைப்பையில்தானே தொடங்குகிறது?

வாயிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு ரொட்டித் துண்டை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக மாற்றுவதால் வரும் இனிப்பு அது.

இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் புரதத்தைத் தாக்குகின்றன. அங்கே என்ன நடக்கிறது என்பதை மனிதர்கள் முதன்முதலில் கண்ணால் பார்க்க நேர்ந்ததற்குப் பின்னால் ஒருவருடைய நீண்ட வேதனை இருக்கிறது. 1822ஆம் ஆண்டு, வட அமெரிக்காவின் மக்கினாக் தீவில், உரோம வணிகத்தில் வேலை பார்த்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் மிக அருகிலிருந்து துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரைப்பைக்குள் திறக்கும் துளை மூடவே இல்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே இறக்கினார். சில மணி நேரங்கள் கழித்து வெளியே இழுத்து, எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். இரைப்பை நீரைத் தனியே எடுத்துக் குப்பியில் ஊற்றி, உடல் சூட்டில் வைத்தார். அதில் போட்ட இறைச்சியும் மெதுவாகக் கரைந்தது. இரைப்பை உணவை அரைப்பது மட்டுமே செரிமானம் என்று வாதிட்டவர்களுக்கு இது பதிலாக அமைந்தது. செரிமானம் ஒரு வேதியியல் மாற்றம் என்பது உறுதியானது. 1833இல் போமான்ட் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மருத்துவ மாணவர்கள் போமான்டின் பெயரைப் படிக்கிறார்கள். அந்தத் துளையோடு பல்லாண்டு வாழ்ந்த செயின்ட் மார்ட்டினுக்கும் நாம் அதே அளவு நன்றி சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இரைப்பையைத் தாண்டியதும் உணவு சிறுகுடலுக்குள் போகிறது. பெரும்பகுதி வேலை நடப்பது இங்கேதான். கணையம் அனுப்பும் நீர் அமிலத்தைத் தணிக்கிறது. அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கின்றன. கல்லீரல் சுரந்து பித்தப்பையில் சேர்த்து வைத்திருக்கும் பித்தநீர், எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் சோப்பு செய்வதைப் போல, கொழுப்பை நுண்துளிகளாகப் பிரித்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நொதிகளால் கொழுப்பை எட்ட முடியும்.

சிறுகுடலின் உட்சுவர் முழுக்க விரல் போன்ற சின்னஞ்சிறு நீட்சிகள் உண்டு. அவற்றுக்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர். அவற்றை மூடியிருக்கும் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் இன்னும் நுண்ணிய நீட்சிகள் இருக்கின்றன. உறிஞ்சும் பரப்பு இப்படித்தான் பெருகுகிறது. இந்தச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து, புதியவை வந்துவிடுகின்றன. கடும் வயிற்றுப்போக்கிற்குப் பிறகு சில நாட்கள் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. பால் சர்க்கரையை உடைக்கும் நொதி அந்தச் செல்களின் நுனியில் உள்ளது. செல்கள் சேதமானால் நொதியும் குறைந்துவிடுகிறது. புதிய செல்கள் வளர வளரப் பாலும் மறுபடி ஒத்துக்கொள்கிறது.

உறிஞ்சப்பட்ட சத்துகள் நேராக ரத்தத்தில் கலந்துவிடுமா?

சர்க்கரையும், புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் குடலிலிருந்து தனி ரத்தக் குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. எதை எரிப்பது, எதைச் சேமிப்பது, எதை அப்படியே ரத்தத்தில் விடுவது என்பதில் பெரும்பகுதி அங்கே முடிவாகிறது. கொழுப்பின் பாதை வேறு. அது நிணநீர்க் குழாய்களில் ஏறி, மார்பைக் கடந்து, கழுத்தருகே பெரிய ரத்தக் குழாயில் சேருகிறது. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பிறகு ரத்தம் எடுத்தால், மேலே நிற்கும் தெளிநீர் பால் கலந்த மாதிரி கலங்கித் தெரியும். சில ரத்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாப்பிட்டது செரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இரைப்பையிலிருந்து பெரும்பகுதி வெளியேற இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். கொழுப்பு அதிகமானால் இன்னும் தாமதமாகும். சிறுகுடலில் சில மணி நேரம். மிஞ்சியது பெருங்குடலில் ஒரு நாளோ அதற்கு மேலோ தங்கலாம். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறுபடும்.

மாவுச்சத்து உடலுக்குள் போனதும் என்ன ஆகிறது?

எந்தத் தானியமானாலும், எந்தக் கிழங்கானாலும், அதிலுள்ள மாவுச்சத்து கடைசியில் குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேருகிறது. ஒருவர் உடலில் ஓடும் ரத்தம் முழுவதிலும் சேர்த்து ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 4 முதல் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஒரு வேளை உணவிலிருந்து வருவதோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அவ்வளவும் ரத்தத்திலேயே நின்றால் ஆபத்து. எனவே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசைகளும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்கின்றன, கல்லீரலும் சேமிக்கத் தொடங்குகிறது. 1921இல் கனடாவின் டொரோண்டோவில் பேண்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இன்சுலினைப் பிரித்தெடுப்பதற்கு முன்பு, அந்தச் சுரப்பு நின்றுபோன குழந்தைகளைக் காப்பாற்ற வழி இருக்கவில்லை. தட்டு நிறைய உணவு இருந்தும் செல்கள் பட்டினியில் கிடந்தன.

உடனே தேவைப்படாத குளுக்கோஸ், கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். தசையில் உள்ளதைத் தசை மட்டுமே செலவழிக்க முடியும், ரத்தத்திற்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. இரவு தூங்கும்போது மூளைக்குக் குளுக்கோஸ் அனுப்பிக்கொண்டிருப்பது கல்லீரல்தான். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நேரத்தில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு அதற்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் தேவை. கிளைகோஜன் சேமிப்பு நிறைந்த பிறகும் வந்துகொண்டே இருந்தால், உடல் அன்றைய ஆற்றலுக்குக் குளுக்கோஸையே எரித்துக்கொண்டு, சாப்பிட்ட கொழுப்பைச் சேமித்துவிடும். குளுக்கோஸில் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாகவும் மாற்றும்.

அப்படியானால் மாவுச்சத்தை முழுவதுமாக நிறுத்திவிடலாமா?

நிறுத்தினாலும் உடல் சமாளிக்கும். அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கும், கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைத் தயாரித்து மூளைக்கு அனுப்பும். ஆனால் முழுத்தானியம், பயறு, பழம் ஆகியவற்றைத் தள்ளி வைத்தால் அவற்றோடு வரும் நார்ச்சத்தும் பல வைட்டமின்களும் சேர்ந்தே போய்விடும். அளவையும் வகையையும் கவனிப்பது பெரும்பாலோருக்குப் போதும். தவிடு நீக்காத தானியம் ஒருபடி மேல்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்த்துக்கொண்டால் நல்லதா?

குடலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலிருந்தும் கிடைப்பவை குளுக்கோஸும் பிரக்டோஸும். உலக சுகாதார நிறுவனம் தேன், பழச்சாறு, உணவில் சேர்க்கும் எல்லாவகைச் சர்க்கரை ஆகியவற்றை ஒரே கணக்கில் வைத்து, மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் குறையுங்கள் என்கிறது. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு முதல் வரம்பு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். முழுப்பழம் இந்தக் கணக்கில் வராது. அதன் சர்க்கரை செல் சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதால் மெதுவாகத்தான் வெளியே வருகிறது, மென்று தின்னும்போது வயிறும் நிறைகிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நச்சைச் சுரந்துவிடலாம்.

புரதம் தசை வளர்ப்பவர்களுக்கு மட்டும்தானே தேவை?

எல்லோருக்கும் தேவை, உட்கார்ந்தே வேலை செய்பவருக்கும்கூட. நொதிகள், நோய் எதிர்ப்புப் பொருட்கள், ஹீமோகுளோபின், தோல், முடி, இன்சுலின் எல்லாமே புரதங்கள். உடல் ஒவ்வொரு நாளும் 250 முதல் 300 கிராம் அளவுக்குத் தன் சொந்தப் புரதத்தையே உடைத்து மறுபடி கட்டுகிறது. சாப்பிடும் புரதத்தைவிட இது பல மடங்கு. உடைந்ததில் பெரும்பகுதி திரும்பவும் பயன்பட்டுவிடுவதால் வெளியிலிருந்து வேண்டியது குறைவு. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது என்று பல வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. வயதானபின் பசி குறைந்து, தசையும் கரைந்து, அதனால் விழுந்து எலும்பு முறிபவர்களைப் பார்த்திருப்போம். வீட்டில் பெரியவர் இருந்தால் அவர் தட்டில் ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொழுப்பையும் குளுக்கோஸையும் போலப் புரதத்தைத் தனியாகச் சேமித்து வைக்க உடலில் இடம் இல்லை. கூடுதலாக வந்த அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜனைக் கழற்றிக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. மீதி எரிபொருளாகிவிடும். எனவே உடற்பயிற்சி இல்லாமல் புரத மாவு மட்டும் குடித்தால் தசை வளராது.

பயறு, தானியங்களில் உள்ள புரதம் அரைகுறையானது என்கிறார்களே?

புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9 வகையை உடலால் தயாரிக்க முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். தானியத்தில் லைசின் குறைவு, மெத்தியோனின் உண்டு. பயறு வகைகளில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சாப்பிடுபவருக்குக் குறை நிரம்பிவிடுகிறது. ஒரே வேளையில் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை. உடல் உடைத்து மீட்டெடுக்கும் அமினோ அமிலங்கள் எப்போதும் கையிருப்பில் இருப்பதால், ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

கொழுப்பு கெட்டதா?

ஒவ்வொரு செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனது. லினோலெயிக் அமிலம், ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களை உடலால் உருவாக்க முடியாது. விதைகள், கொட்டைகள், தாவர எண்ணெய்கள் அவற்றைத் தருகின்றன. ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்போடுதான் குடலைக் கடக்கும். எண்ணெயே சேர்க்காத காய்கறிக் கலவையைச் சாப்பிட்டால் அதிலுள்ள கரோட்டினில் (உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் நிறமி) பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும்.

ஆனால் எல்லாக் கொழுப்பும் ஒரே தரத்தில் இல்லை. தொழிற்சாலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்புக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்வதற்கில்லை, தவிர்ப்பதே சரி. நெய், வெண்ணெய் போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால், ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும் கல்லீரலின் திறன் குறைகிறது, ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் நிறைவுற்ற கொழுப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முட்டையில் உள்ள கொலஸ்ட்ரால் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். உடலின் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடலே தயாரிப்பது. உணவிலிருந்து கூடுதலாக வந்தால் பெரும்பாலோரின் உடல் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது.

எடை குறையும்போது அந்தக் கொழுப்பு எங்கே போகிறது?

வியர்வையாக, மலமாக, வெப்பமாக என்று பல பதில்கள் வரும். பெரும்பகுதி மூச்சுக்காற்றாக வெளியேறுகிறது. கொழுப்பில் உள்ள கார்பன், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. 10 கிலோ கொழுப்பு முழுமையாக எரிந்தால் 8.4 கிலோ நுரையீரல் வழியாகவும், 1.6 கிலோ தண்ணீராகவும் உடலை விட்டுப் போகிறது. வியர்க்க வைத்துக் கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லும் உடைகளும் பட்டைகளும் வெறும் தண்ணீரைத்தான் குறைக்கின்றன. அடுத்த சொம்புத் தண்ணீரில் அந்த எடை திரும்பிவிடும். வேகமாக மூச்சு விட்டால் இளைக்கலாமா என்றால் அதுவும் நடக்காது. செல்கள் எரித்தால்தான் வெளியே விடுவதற்குக் கார்பன் டை ஆக்சைடு உருவாகும்.

கலோரி கணக்கு எவ்வளவு துல்லியம்?

உத்தேசமானது. ஓய்வாகப் படுத்திருந்தாலே இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் இயங்கவும் உடல் சூட்டைக் காக்கவும் பெரும்பாலோரின் அன்றாடச் செலவில் 60 முதல் 70 சதவீதம் போய்விடுகிறது. செரிமானத்துக்கே ஒரு செலவு உண்டு. புரதத்திலிருந்து கிடைக்கும் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் அதைக் கையாளவே செலவாகிறது, கொழுப்புக்கு 3 சதவீதத்துக்குள்தான். முழுப் பாதாமை மென்று தின்றால் உடைபடாத செல்களுக்குள் இருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடும், அதையே விழுதாக அரைத்தால் கூடுதலாக உறிஞ்சப்படும். ஆகவே பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆற்றலே தராத வைட்டமின் இல்லாவிட்டால் ஏன் உயிருக்கே ஆபத்து வருகிறது?

1890களில் ஜாவாவில் கால்கள் மரத்து, இதயம் தளர்ந்து சாகடிக்கும் பெரிபெரி நோயை டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமியைத் தேடிக்கொண்டிருந்தவரின் ஆய்வுக்கூடத்தில் கோழிகளுக்கும் அதே போன்ற வாதம் வந்தது. பிறகு தானாகவே குணமானது. விசாரித்துப் பார்த்ததில், நோய் வந்த காலத்தில் கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்தின் சோற்றை இந்தக் கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டதால், தீட்டாத அரிசிக்கு மாறியிருந்தார்கள். தவிட்டோடு போன பொருளே காரணம் என்பது பின்னர் தெளிவானது. அதுதான் தயமின், அதாவது வைட்டமின் பி1. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

குளுக்கோஸை உடைக்கும் பாதையில் ஒரு முக்கியமான கட்டத்தில் உள்ள நொதி, தயமின் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். அது இல்லாவிட்டால் வயிறு நிறையச் சோறு இருந்தும் செல்லால் அதை முழுதாக எரிக்க முடியாது. இடைவிடாமல் ஆற்றல் கேட்கும் நரம்பும் இதயமும்தான் முதலில் தளர்கின்றன. பெரும்பாலான பி வைட்டமின்கள் இப்படி நொதிகளுக்குத் துணை நிற்பவை. வைட்டமின் மாத்திரை ஆற்றல் தரும் என்ற விளம்பரத்தை இதை மனதில் வைத்துப் பாருங்கள். குறைபாடு உள்ளவருக்கு அது பலன் தரும், போதுமான அளவு உள்ளவருக்குப் புதிதாக எதையும் சேர்க்காது.

பி12 குறைபாடு ஏன் மெதுவாகத் தெரிகிறது?

பி12 உணவிலிருந்து பிரிய இரைப்பை அமிலம் வேண்டும். இரைப்பை சுரக்கும் ஒரு தனிப் புரதத்தோடு அது சேர வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படும். எந்தக் கட்டத்தில் தடை வந்தாலும் குறைபாடு வரும். ஆனால் கல்லீரல் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவைச் சேர்த்து வைத்திருப்பதால் வெளியே தெரியத் தாமதமாகிறது. பால், முட்டை, மீன், இறைச்சி எதையுமே சாப்பிடாதவர்கள் மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ பி12 எடுத்துக்கொள்வது கட்டாயம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களும் வயதானவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கால் மரத்துப்போவதை முதுமை என்று விட்டுவிட்டால், நரம்பில் ஏற்படும் சேதம் பிறகு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

இரும்புச்சத்துள்ள உணவைச் சாப்பிட்டும் ரத்தசோகை தீரவில்லை. ஏன்?

சாப்பிடும் இரும்பு வேறு, உடலில் சேரும் இரும்பு வேறு. ஒரு பெரியவர் உடலில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில். சிவப்பணு 120 நாள் வாழ்ந்து முடிந்ததும் மண்ணீரலும் கல்லீரலும் அதை உடைத்து இரும்பைப் பிரித்தெடுத்து, எலும்பு மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. இப்படித் தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் மீட்கப்படுகிறது. குடலிலிருந்து புதிதாக வருவதோ 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டும். இவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம், மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது என்பதே. ஆகவே வாசலிலேயே தடுக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அந்த வாசலை மூடித் திறக்கிறது. உடலில் நீண்ட நாள் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஹெப்சிடின் ஏறி வாசல் மூடியே கிடக்கும். அப்போது எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் பயன் குறைவு.

இறைச்சியில் உள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படுகிறது. தாவர இரும்பு கடினமானது. கீரையில் இரும்பு இருந்தாலும் அதிலுள்ள வேறு பொருட்கள் அதைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அதோடு எலுமிச்சைச்சாறோ வைட்டமின் சி உள்ள பழமோ சேர்ந்தால், இரும்பு குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாறுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் காபியும் எதிர்வேலை செய்கின்றன. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலே வித்தியாசம் உண்டு. மாதவிடாய் உள்ள பெண்கள் இழப்பதை ஈடுகட்ட ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இரும்பு தேவைப்படுகிறது. குடும்பத்தில் கடைசியாக மிஞ்சியதைச் சாப்பிடுபவர் அவராகவே இருந்தால் அது அநியாயம், மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால், உள்ளே எங்கேனும் ரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

ரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்தால் எலும்பும் நன்றாக இருக்குமா?

அப்படிச் சொல்ல முடியாது. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி 1 சதவீதம் இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் தேவை. அது குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடு செய்துவிடும். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே எலும்பு மெலிந்துகொண்டிருக்கலாம். வைட்டமின் டி இல்லாவிட்டால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. வெயில் பட்டுத் தோலில் உருவாகும் டி, கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் அடைந்த பின்னரே முழுதாகச் செயல்படுகிறது.

செரிக்காத நார்ச்சத்து எதற்கு?

நமக்குத்தான் செரிக்காது, பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்குச் செரிக்கும். அவை நாரை நொதிக்கச் செய்து சிறிய கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய உணவு. ஓட்ஸ், பயறு, ஆப்பிள் போன்றவற்றில் உள்ள கரையும் நார் இன்னொரு வேலையும் செய்கிறது. கொழுப்பைச் செரிக்க வந்த பித்த உப்பில் ஏறத்தாழ 95 சதவீதத்தைக் குடல் மீட்டுக் கல்லீரலுக்குத் திருப்பி அனுப்புவது வழக்கம். நார் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு வெளியேறினால், புதிதாகத் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். நாளைக்கு 25 கிராமாவது நார்ச்சத்து சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், படிப்படியாகக் கூட்டுங்கள்.

வயிற்றுப்போக்கின்போது உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை ஏன் கொடுக்கிறார்கள்?

நாம் குடிக்கும் 2 லிட்டரோடு உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் எல்லாம் சேர்ந்து தினமும் சுமார் 9 லிட்டர் குடலுக்குள் வருகிறது. வெளியே போவது 100 முதல் 200 மில்லி மட்டும். மீதியைக் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்த வேலை கெட்டால் சில மணி நேரத்திலேயே உடல் வறண்டுவிடும். வெறும் தண்ணீர் நன்றாக ஏறாது. ஆனால் குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே நுழையும் ஒரு வழி இருக்கிறது, வயிற்றுப்போக்கின்போதும் அது திறந்தே இருக்கும். அவை நுழையும்போது தண்ணீரும் கூடவே வருகிறது. இந்த எளிய கலவை எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. கைக்கணக்கில் கலக்கினால் உப்பு கூடிவிடும் ஆபத்து உண்டு என்பதால், அளவிட்ட பொட்டலத்தை வாங்கி, அதில் சொல்லியிருக்கும் அளவு நீரில் கலப்பதே பாதுகாப்பு.

சாதாரண நாட்களில் உப்பு எவ்வளவு?

நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. பொட்டலத் தின்பண்டம், சாஸ், ஊறுகாய் எல்லாம் சேர்த்துத்தான். குறைவாகச் சேர்க்கும் அந்த உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும்.

சமைத்தால் சத்து போய்விடுமா?

சில போகும், சில கூடும். வைட்டமின் சியும் போலேட் என்ற பி வைட்டமினும் சூட்டில் சிதையும், வேகவைத்த நீரில் கரைந்தும் போகும். அந்த நீரைக் கொட்டாமல் பயன்படுத்தினால் கரைந்ததில் ஒரு பகுதியாவது மிஞ்சும். தக்காளியின் சிவப்பு நிறமியும் கேரட்டின் கரோட்டினும் வேகவைத்தால் எளிதில் உறிஞ்சப்படுகின்றன. வேகவைத்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் செரிக்கும், பச்சை முட்டையில் பாதிதான். ராஜ்மாவைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடவே கூடாது. ஊறவைத்து, நீரை மாற்றி, குறைந்தது பத்து நிமிடமாவது கொதிக்க விட்டால்தான் அதிலுள்ள நச்சுப் புரதம் அழியும்.

எல்லோரும் சத்து மாத்திரை சாப்பிடலாமா?

தேவையுள்ளவர்கள் சாப்பிடலாம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு நாளைக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் அவசியம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் தெரியும் முன்பே அது முடிந்துவிடும் என்பதால், முன்கூட்டியே தொடங்க வேண்டும். மற்றவர்கள் பரிசோதனையில் குறை தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். நீரில் கரையும் வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். வைட்டமின் ஏ, டி போன்றவை உடலில் தங்கும், மிகுந்தால் நஞ்சாகும். கர்ப்பிணிகள் அதிக அளவு வைட்டமின் ஏ எடுத்தால் கருவுக்கே கேடு.

யார் தாமாகவே உணவை மாற்றக் கூடாது?

சிறுநீரக நோயாளிகளுக்குப் புரதமும் பொட்டாசியமும் அளந்து கொடுக்க வேண்டியவை. மற்றவர்களுக்கு நல்லதான பழச்சாறு அவர்கள் இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர் மருந்தைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை திடீரென விழும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அளவு வாராவாரம் ஏறி இறங்கக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்வதால், வழக்கமாகச் சாப்பிடும் அளவை வைத்துத்தான் மருத்துவர் மருந்தைத் தீர்மானிக்கிறார்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்குப் பரிவோடு வயிறு நிறையச் சாப்பாடு போடுவதும் ஆபத்தானது. திடீரென ஏறும் இன்சுலின், ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் அவை சரிந்து இதயம் நின்றுபோகலாம். அப்படிப்பட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே தயமின் கொடுத்து, ரத்தத்தைப் பரிசோதித்தபடி, உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள்.